சிகாகோ ஒயிட் சாக்ஸ், 2024: அந்த 121 தோல்விகள் எங்கே தொடங்கின

## எதைப் பற்றி

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் ஓர் அணி ஒரு சீசனுக்கு 162 ஆட்டம் ஆடும். மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை கிட்டத்தட்ட தினமும் ஆட்டம்தான். இந்த விளையாட்டின் இயல்பு எப்படியென்றால், நல்ல அணியும் மூன்றில் ஒன்று தோற்கும், மோசமான அணியும் எப்படியாவது மூன்றில் ஒன்றை ஜெயித்துவிடும். அதனால் 100 தோல்வி என்பதே அங்கே அவமானத்தின் எல்லை. 2024-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 41 ஆட்டம் ஜெயித்து 121 ஆட்டம் தோற்றது. 1900-க்குப் பிறகு எந்த அணியும் ஒரே சீசனில் இத்தனை தோற்றதில்லை. அதற்கு முன் 1962-இல் நியூயார்க் மெட்ஸ் 120 தோற்றிருந்தது, ஆனால் அது அந்த வருடம்தான் பிறந்த அணி, மற்ற அணிகள் விட்டுக்கொடுத்த ஆட்களை வைத்து ஆடியது. ஒயிட் சாக்ஸ் மூன்று வருடம் முன்னால், 2021-இல், 93 ஆட்டம் ஜெயித்துத் தன் பிரிவில் முதலிடம் பிடித்த அணி.

இந்தச் சீசனைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர் "வேண்டுமென்றே தோற்றார்கள்" என்றோ "காயம் படுத்திவிட்டது" என்றோ ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அவை 100 தோல்விக்குத்தான் பதில் சொல்லும், அதற்கு மேல் வந்த 21-க்கு சொல்லாது. நான் இங்கே துருவிப் பார்ப்பது அந்த 21-ஐத்தான். ஆட்களின் பெயர்களை விட்டுவிட்டு அவர்கள் வகித்த பொறுப்பை மட்டும் சொல்கிறேன்.

## பின்னணி: 2016 முதல் 2022 வரை

சிகாகோவின் தெற்குப் பகுதி அணி இது. 2005-இல் உலகத் தொடரை, அதாவது லீக்கின் சாம்பியன் பட்டத்தை, வென்றது, 88 வருடக் காத்திருப்புக்குப் பிறகு. உரிமையாளர் 1981-இல் இருந்து ஒருவரேதான்.

2016 டிசம்பரில் நிர்வாகம் ஒரு பெரிய முடிவு எடுத்தது. இருக்கிற நட்சத்திரங்களைக் கொடுத்துவிட்டு இளம் ஆட்களை வாங்கி, சில வருடம் தோற்றாலும் பரவாயில்லை, அப்புறம் பெரிய அணியாக வரலாம் என்று. அணியின் தலைசிறந்த இடதுகைப் பந்துவீச்சாளர் பாஸ்டனுக்குப் போனார், அடுத்த நாளே இன்னொருவர் வாஷிங்டனுக்குப் போனார், 2017 ஜூலையில் மற்றொரு வீச்சாளர் அதே ஊரின் இன்னொரு அணியான கப்ஸுக்குப் போனார். 2018-இல் 100 தோல்வி. ரசிகர்கள் பொறுத்துக்கொண்டார்கள், ஏனென்றால் திட்டம் கண்ணுக்குத் தெரிந்தது. 2020-இல் கொரோனாவால் சுருங்கிய சீசனில் 35 வெற்றி 25 தோல்வி, பிளேஆஃப் (சீசன் முடிவில் சிறந்த அணிகள் மட்டும் ஆடும் சுற்று) வந்தது. 2021-இல் 93 வெற்றி.

நடுவில் ஒன்று நடந்தது. 2020-இல் அணியை பிளேஆஃப் வரை கொண்டுபோன மேனேஜரை அந்த சீசன் முடிந்ததும் அனுப்பினார்கள். (பேஸ்பாலில் மேனேஜர் என்பவர் தினசரி ஆட்டத்தை நடத்துபவர். யார் எப்போது ஆடுவது, பந்துவீச்சாளரை எப்போது மாற்றுவது எல்லாம் அவர் கையில்.) அவர் இடத்துக்கு உரிமையாளர் கொண்டுவந்தவருக்கு வயது 76, கடைசியாக மேனேஜராக இருந்தது 2011-இல். பெரிய சாதனையாளர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவரை இதே அணி 1986-இல் வேலையை விட்டு அனுப்பியிருந்தது, அதை நினைத்து உரிமையாளர் பல வருடம் வருந்தியதை எல்லாரும் அறிவார்கள். பழைய வருத்தத்தைத் தீர்த்துக்கொள்ள ஓர் இளம் அணியின் முக்கியமான இரண்டு வருடத்தைச் செலவு செய்தது சரியான முடிவு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

2021 பிளேஆஃபில் ஹூஸ்டனிடம் 3-1 என்று தோற்றார்கள். 2022-இல் 81 வெற்றி, 81 தோல்வி. அந்த மேனேஜர் உடல்நலக் காரணத்தால் விலகினார்.

அப்போதே இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. முன்வரிசையில் ஏழெட்டு நட்சத்திரங்கள் இருந்தார்கள், அவர்களில் ஒருவர் காயத்தில் படுத்தால் அடுத்து இறங்க ஆள் இல்லை. இன்னொன்று பணம். அமெரிக்காவின் மூன்றாவது பெரிய நகரத்தில் இருக்கும் அணி, வெளியிலிருந்து ஓர் ஆட்டக்காரருக்குத் தன் வரலாற்றிலேயே அதிகமாகக் கொடுத்த ஒப்பந்தம் 7.5 கோடி டாலர். அதுவும் 2023 ஜனவரியில்தான் கொடுத்தது, ஓர் இடதுபுற அவுட்ஃபீல்டருக்கு (மைதானத்தின் வெளிப்பகுதியில் நிற்பவர்), ஐந்து வருடத்துக்கு.

## 2023: தலைமை மாறியது

2023 ஏப்ரல் முடிவதற்குள் 10 ஆட்டம் தொடர்ந்து தோற்று 7-21 (7 வெற்றி, 21 தோல்வி) என்று கிடந்தார்கள். ஜூலையில் பந்துவீச்சாளர்களை வரிசையாக விற்றார்கள். அப்படிப் போன ஒரு ரிலீவர் (ஆட்டத்தின் நடுவில் வந்து வீசுபவர்) ஆகஸ்டில் வெளிப்படையாகப் பேசினார்: அணியில் விதி என்று ஒன்றும் இல்லை, ஆட்டம் நடக்கும்போதே புல்பென்னில் (ரிலீவர்கள் காத்திருக்கும் இடம், அந்த வீச்சாளர் குழுவுக்கும் அதே பெயர்) தூங்கியவர்கள் உண்டு என்றார். அவருக்கு முன் வேறு அணிக்குப் போயிருந்த ஒரு மூத்த வீச்சாளரும் அவர் சொன்னது தவறில்லை என்றார். இதை நான் முக்கியமாகக் குறிக்கிறேன், ஏனென்றால் இது 101 தோல்வியில் முடிந்த 2023-இலேயே வந்த எச்சரிக்கை.

ஆகஸ்ட் 22-இல் துணைத் தலைவரையும் ஜெனரல் மேனேஜரையும் (யாரை வாங்குவது, யாரைக் கொடுப்பது என்று முடிவெடுப்பவர்) ஒரே நாளில் நீக்கினார்கள். ஒன்பது நாள் கழித்து, உள்ளேயே இளம் ஆட்டக்காரர்களை வளர்க்கும் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் புதிய ஜெனரல் மேனேஜர் ஆனார். வெளியே தேடவே இல்லை. உரிமையாளர் சொன்ன காரணம்: வெளியிலிருந்து வருபவர் அணியைப் புரிந்துகொள்ள ஒரு வருடம் ஆகும், எனக்கு வேகம் வேண்டும்.

அந்த வாதம் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அணியின் பெரிய குறையே கீழிருந்து ஆட்கள் வளர்ந்து வராததுதான், அந்தப் பிரிவை நடத்தியவரிடமே முழுப் பொறுப்பையும் கொடுக்கும்போது வெளியே நான்கு பேரையாவது உட்காரவைத்து இந்த அணியில் என்ன கோளாறு தெரிகிறது என்று கேட்டிருக்க வேண்டும். வேலை கொடுக்காவிட்டாலும் பதிலாவது கிடைத்திருக்கும்.

101 தோற்ற மேனேஜரும் தொடர்ந்தார்.

## குளிர்காலத்தில் எடுத்த முடிவுகள்

2023 நவம்பரில் புதிய ஜெனரல் மேனேஜர் தன் அணி தனக்கே பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். பீல்டிங் மோசம், அதைச் சரிசெய்யப் போகிறேன் என்றார். நேர்மையான பேச்சு. செய்ததும் அதுதான்: பீல்டிங்குக்குப் பேர் போன இன்ஃபீல்டர்கள் (உள்வட்டத்தில் நிற்பவர்கள்), ஓர் அனுபவக் கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்). எல்லாம் குறைந்த விலையில், ஒரு வருட ஏற்பாடு.

பீல்டிங் நன்றாக இருந்தால் பந்துவீச்சாளருக்கு உதவி, அது சரி. ஆனால் மட்டைபிடிக்க ஆள் வேண்டுமே. அந்தக் கேட்சரின் 2024 பேட்டிங் சராசரி .119, அதாவது நூறு முறை நின்றால் பன்னிரண்டு முறை அடித்துத் தப்புவார். ஜூலையோடு அவரை அனுப்பிவிட்டார்கள்.

ஓர் இடதுகை ரிலீவரை அட்லாண்டாவுக்குக் கொடுத்து ஐந்து பேரை வாங்கினார்கள். ஐவரில் ஒரு பந்துவீச்சாளர் அந்த சீசனை 0-10 என்று முடித்தார், ஒரு வெற்றி கூட இல்லை (பேஸ்பாலில் ஆட்டத்தின் வெற்றி தோல்வியை ஒரு வீச்சாளர் பெயரிலும் எழுதுவார்கள்). மார்ச் 13-இல், ஆட்டம் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது, அணியின் முதல் நிலைப் பந்துவீச்சாளரை சான் டியேகோவுக்குக் கொடுத்தார்கள்.

நல்ல முடிவும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். கொரிய லீக்கில் 2023-இன் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வான ஒரு பந்துவீச்சாளரை இரண்டு வருடத்துக்கு 1.5 கோடி டாலருக்கு எடுத்தார்கள், அவர் எதிர்பார்த்ததைவிட நன்றாக வீசினார். இன்னொருவர், அதுவரை மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம் கூடத் தொடக்க வீச்சாளராக வீசாத இளைஞர், 2022-இல் முழங்கை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அவரை முதல் நாள் ஆட்டத்துக்கே தொடக்க வீச்சாளராக நிறுத்தினார்கள். அது துணிச்சல், அது பலித்தது.

இதே குளிர்காலத்தில் இதே பிரிவில் இருக்கும் கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். அவர்கள் 2023-இல் 106 தோற்றவர்கள், ஒயிட் சாக்ஸைவிட ஐந்து அதிகம். ஆனால் 10 கோடி டாலருக்கு மேல் செலவழித்து இரண்டு அனுபவத் தொடக்க வீச்சாளர்கள், ரிலீவர்கள், சில நடுத்தர மட்டையாளர்கள் என்று வாங்கினார்கள். தங்கள் ஷார்ட்ஸ்டாப்பை (உள்வட்டத்தில் இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்பவர்) 11 வருட ஒப்பந்தத்தில் பிடித்துவைத்தார்கள். 2024-இல் 86 ஜெயித்து பிளேஆஃப் போனார்கள். ஒயிட் சாக்ஸோடு ஆடிய 13 ஆட்டத்தில் 12 அவர்களுக்கு.

## மார்ச் 28 முதல் ஜூன் வரை

முதல் ஆட்டம் டெட்ராய்ட்டோடு, சொந்த மைதானத்தில். அந்த இளைஞர் 6 இன்னிங்ஸ் வீசி ஒரே ரன்தான் கொடுத்தார், 8 பேரை ஸ்ட்ரைக் அவுட் (பந்தை ஆடவிடாமலே அவுட்) செய்தார். அணி ஒரு ரன் கூட எடுக்கவில்லை, 1-0 தோல்வி. சீசன் முழுவதும் இப்படித்தான் போகும் என்று அன்று யாருக்கும் தெரியாது.

ஏப்ரல் 10 வருவதற்குள் மூன்று முக்கிய மட்டையாளர்கள் காயத்தில் போனார்கள்: சென்டர் ஃபீல்டருக்கு இடுப்பு, மற்ற இருவருக்கும் தொடை உள்தசை. 2016-2017-இல் நட்சத்திரங்களைக் கொடுத்து வாங்கிய பொக்கிஷங்களில் இருவர் இந்த மூவருக்குள் இருந்தார்கள். முதல் 25 ஆட்டத்தில் 3 வெற்றி, 22 தோல்வி.

மே 22 முதல் ஜூன் 6 வரை 14 தோல்வி தொடர்ந்து. அந்தத் தொடரின் இரண்டாவது நாள், மே 23, பால்டிமோரோடு நடந்த ஆட்டம் மனதை விட்டுப் போகவில்லை. ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸ், 8-6 என்று பின்தங்கியிருந்த ஒயிட் சாக்ஸ் மீண்டு வந்துகொண்டிருந்தது, ஒரு அவுட், முதல் பேஸிலும் இரண்டாவது பேஸிலும் (ரன் எடுக்க வரிசையாக ஓடிக் கடக்க வேண்டிய இடங்கள்) ஆள். மட்டையாளர் அடித்த பந்து உள்வட்டத்திலேயே உயரமாக எழும்பியது. இந்த மாதிரி பந்துக்கு ஒரு விதி உண்டு, பிடித்தாலும் விட்டாலும் அடித்தவர் அவுட். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டாவது பேஸில் இருந்த ஓட்டக்காரர் தன் பேஸுக்குத் திரும்பும்போது பந்தைப் பிடிக்க வந்த ஷார்ட்ஸ்டாப்பின் பாதையில் அகப்பட்டார், வேண்டுமென்று செய்யவில்லை, பந்தையும் அவர் சுலபமாகப் பிடித்துவிட்டார், ஆனாலும் அம்பயர் குறுக்கீடு என்று ஓட்டக்காரரையும் அவுட் கொடுத்தார். ஒரே பந்தில் இரண்டு அவுட், முன்னதோடு சேர்த்து மூன்று, ஆட்டம் முடிந்தது. அம்பயரைத் திட்டுவது சுலபம். என் பார்வை வேறு: சீசன் முழுவதும் இந்த அணி இப்படிப்பட்ட சின்னச் சின்ன இடங்களில்தான் நழுவியது, எங்கே ஓடுவது, எந்தப் பக்கம் பார்ப்பது, யார் பந்துக்குக் கூப்பிடுவது. இவை பயிற்சியால் வருபவை.

ஜூன் 6 அன்று கணக்கு 15-48.

## ஜூலை 10 முதல் ஆகஸ்ட் 8 வரை

ஜூலை நடுவில் வரும் ஆல்-ஸ்டார் இடைவேளைக்கு (அப்போது லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்கள் மட்டும் ஓர் ஆட்டம் ஆடுவார்கள்) 27-71 என்று போனார்கள். அதற்குள் ஜூலை 10-இல் ஒரு தோல்வித் தொடர் ஆரம்பித்திருந்தது. அது ஆகஸ்ட் 5 வரை ஓடியது, மொத்தம் 21 ஆட்டம். 1988-இல் பால்டிமோர் தோற்ற 21-க்குச் சமம், மேஜர் லீக்கின் இரண்டு பாதிகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் அதைவிட நீளமான தொடர் கிடையாது.

இந்தத் தொடரின் நடுவில், ஜூலை 25-இல், மார்ச்சில் இவர்கள் சான் டியேகோவுக்குக் கொடுத்த வீச்சாளர் எதிரணியை ஒரு ஹிட் கூட (அடித்து பேஸை அடைவது) எடுக்கவிடாமல் முழு ஆட்டம் வீசினார். நான்கு நாள் கழித்து டிரேடு காலம் (அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ள அனுமதி உள்ள காலம்) முடியும் நேரத்தில் கொரியாவிலிருந்து வந்த நல்ல வீச்சாளரையும், புல்பென்னின் வேகமான வலதுகைக்காரரையும், இன்னும் சில மட்டையாளர்களையும் கொடுத்தார்கள். கிடைத்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். எதிர்காலத்துக்கு அது தேவைதான். ஆனால் 27 வெற்றியில் நின்ற அணியில் எஞ்சியிருந்த நடுத்தர ஆட்களும் அன்றோடு போனார்கள்.

ஆகஸ்ட் 6 அன்று ஓக்லாந்தில் 5-1 என்று ஒரு வெற்றி. மறுநாள் மீண்டும் தோல்வி, 28-89. அதற்கு அடுத்த நாள் மேனேஜரையும் மூன்று பயிற்சியாளர்களையும் நீக்கினார்கள். பயிற்சியாளர் குழுவில் இருந்த முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர் தற்காலிக மேனேஜர் ஆனார், அவர் கணக்கு 13-32. நீக்கியது தவறு என்று சொல்லமாட்டேன், ஆனால் ஆகஸ்டில் நீக்கி என்ன பயன்? முந்தைய நவம்பரில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

## செப்டம்பர்

செப்டம்பர் 22, சான் டியேகோ, 4-2, 120-ஆவது தோல்வி. மெட்ஸின் கணக்கைத் தொட்டாயிற்று. மீதம் ஆறு ஆட்டம்.

சிகாகோவுக்குத் திரும்பி ஏஞ்சல்ஸோடு மூன்று நாள். அந்தச் சரித்திரத் தோல்வியை நேரில் பார்க்கவே வந்தவர்களும் அரங்கில் இருந்தார்கள், "அணியை விற்றுவிடு" என்று உரிமையாளரை நோக்கிக் கோஷம். முதல் நாள் எட்டாவது இன்னிங்ஸில் மூன்று ரன் எடுத்து 3-2 என்று ஜெயித்தார்கள். அடுத்த நாள் 10-ஆவது இன்னிங்ஸில் 4-3, அதற்கடுத்த நாள் 7-0. சொந்த அணி ஜெயிக்கும்போது அரங்கில் ஒரு பகுதி ஏமாற்றமடைவதைப் பார்த்துக்கொண்டே ஆடுவது எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த ஆட்டக்காரர்களில் பலருக்கு அதுதான் மேஜர் லீக்கில் முதல் வருடம்.

செப்டம்பர் 27, டெட்ராய்ட், 4-1. 121. அதே ஆட்டத்தில் டெட்ராய்ட் 2014-க்குப் பிறகு முதல் முறையாக பிளேஆஃபுக்குள் நுழைந்தது, ஒரு பக்கம் ஷாம்பெய்ன், மறுபக்கம் இவர்கள் உடைமாற்றும் அறைக்கு நடந்தார்கள். அந்த டெட்ராய்ட்டும் 2003-இல் 119 தோற்ற அணிதான், கடைசி ஆறில் ஐந்தை ஜெயித்து மெட்ஸின் கணக்கிலிருந்து தப்பியவர்கள். ஒயிட் சாக்ஸும் கடைசி ஆறில் ஐந்தை ஜெயித்தது, ஆனால் அதற்குள் எல்லை தாண்டியாயிற்று.

## ஏன் 100-இல் நிற்கவில்லை

சீசன் முழுக்க எடுத்த ரன் 507, கொடுத்தது 813. ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 3 சொச்சம் எடுத்து 5 கொடுத்திருக்கிறார்கள்.

பந்துவீச்சு எப்படி ஓடுகிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். தொடக்க வீச்சாளர் ஐந்து அல்லது ஆறு இன்னிங்ஸ் வீசுவார், மீதம் மூன்று நான்கு இன்னிங்ஸ் புல்பென் கையில். அந்த நல்ல இளைஞரின் முழங்கையைக் காப்பாற்ற ஜூலையிலிருந்து அவரை நான்கு இன்னிங்ஸுக்கு மேல் வீசவிடவில்லை. சரியான முடிவு, அவர் கை முக்கியம். ஆனால் அதன் விலை என்ன? அணியின் மிகச் சிறந்த வீச்சாளர் வீசும் நாளில் கூட ஐந்து இன்னிங்ஸ் புல்பென்னுக்குப் போகிறது, அந்தப் புல்பென்னிலிருந்துதான் 2023 ஜூலை, 2023 நவம்பர், 2024 ஜூலை என்று மூன்று தவணையில் அனுபவஸ்தர்களை விற்றிருக்கிறார்கள். அவர் 32 ஆட்டம் தொடங்கி 209 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அவர் பெயரில் வெற்றி 6, தோல்வி 12.

நட்சத்திரம் போனால் ஓர் அணி 90-இலிருந்து 70-க்கு இறங்கும். சாதாரண ஆட்கள், அதாவது ஏழாவது இன்னிங்ஸ் ரிலீவர், மாற்று ஷார்ட்ஸ்டாப், இரண்டாவது கேட்சர், இவர்கள் இல்லாமல் போனால்தான் 60-இலிருந்து 41-க்கு இறங்கும். இந்த அணியில் 2021-இலேயே அந்த இரண்டாம் வரிசை மெலிந்திருந்தது, யாரும் கவலைப்படவில்லை, ஏனென்றால் அப்போது ஜெயித்துக்கொண்டிருந்தார்கள்.

## அப்புறம் நடந்தது

நவம்பரில் வெளியிலிருந்து ஒருவரை மேனேஜராகக் கொண்டுவந்தார்கள், டெக்ஸஸ் அணியில் மேனேஜருக்கு அடுத்த இடத்தில் இருந்தவர். டிசம்பரில் அந்த இளம் வீச்சாளரை பாஸ்டனுக்குக் கொடுத்து நான்கு இளைஞர்களை வாங்கினார்கள், அதில் ஒருவர் கேட்சர், 2025-லேயே மேலே வந்துவிட்டார். அதே மாதம், மற்ற அணிகள் பாதுகாக்காமல் விட்ட ஆட்களை எடுக்கும் ஏற்பாட்டில் 1 லட்சம் டாலருக்கு ஒரு பந்துவீச்சாளரை எடுத்தார்கள், அவர் 2025 ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். 2025 கணக்கு 60-102. மூன்றாவது வருடமும் 100 தோல்வி, ஆனாலும் 19 வெற்றி கூடுதல்.

மோசமாகத் தோற்றால் டிராஃப்டில் (அணிகள் புது இளைஞர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு) முதல் ஆளைப் பிடிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். இப்போதைய விதிப்படி, வருமானம் அதிகமான அணிகள் அடுத்தடுத்த இரண்டு வருடம் முதல் ஆறு இடத்துக்கான குலுக்கலில் இருக்க முடியாது. ஒயிட் சாக்ஸ் 2024-இல் ஐந்தாவதாக எடுத்துவிட்டது. ஆகவே 121 தோற்ற பிறகு 2025-இல் கிடைத்தது பத்தாவது இடம்.

## எதை மாற்றியிருக்கலாம்

முதலாவது, 2023 ஆகஸ்டில் வெளியே தேடியிருக்க வேண்டும். ஒரு மாதம் தாமதமாகியிருந்தாலும் நஷ்டம் ஒன்றுமில்லை.

அடுத்தது, அணியைக் கலைக்கும்போதே இரண்டாம் வரிசைக்கென்று ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கியிருக்க வேண்டும். ராயல்ஸ் செலவழித்த அளவு கூட வேண்டாம். மூன்று நம்பகமான ரிலீவர், மட்டையும் பிடிக்கத் தெரிந்த ஒரு கேட்சர், இரண்டு பேஸுக்கு நடுவில் நிற்க ஒருவர். இவர்கள் இருந்தால் அணி பிளேஆஃப் போயிருக்காது, ஆனால் முன்னணியில் இருந்த ஆட்டங்களில் சிலவாவது கையில் நின்றிருக்கும், இளம் வீச்சாளர்களும் தினமும் நொறுங்கிப்போய் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, புல்பென்னில் தூங்கினார்கள் என்ற பேச்சு வந்த 2023 ஆகஸ்டிலேயே பயிற்சி முறையையும் பயிற்சியாளர் குழுவையும் கேள்வி கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்க அவர்களுக்கு ஒரு வருடமும் 89 தோல்வியும் தேவைப்பட்டது.